பெயர் வேறு, உறுதி வேறு: ஆட்பெயர் தாங்கிய காடுகள் பற்றித் திருகோணமலைக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், பதினொரு பிரதேச செயலாளர்களுக்கும், நில அளவைத் திணைக்களம், வன இலாகா ஆகியவற்றின் மாவட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம். வெருகல் ஆற்றங்கரை தொட்டுத் தென்னமரவடி வரை பல ஊர்களில் சிறு காடுகளுக்கு ஆட்பெயர் உண்டு. உடையார் காடு, விதானையார் வளவு, செட்டியார் தோட்டம், மரைக்கார் தோப்பு, இன்னாரின் சேனை என்று இந்த வகையில் போகும். ஊரில் மாடு தேடுபவரும் தேன் எடுப்பவரும் இந்தப் பெயர்களை வைத்துத்தான் இடம் சொல்கிறார்கள். வரைபடத்தில் அதே இடம் வெறும் பச்சை. இந்தப் பெயர்களை ஒரு மாவட்டப் பெயரேட்டில் ஏற்ற வேண்டும், அதுவும் காட்டெல்லைக் கல் நாட்டும் வேலைக்கு முன்பே ஏற்ற வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

இதில் முதலில் இரண்டு பயங்களைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ‘கந்தப்பர் காடு’ என்று (கந்தப்பர் எங்கள் கற்பனை, எந்த ஊரிலும் தேட வேண்டாம்) அரச தாளில் ஒருமுறை எழுதிவிட்டால், கந்தப்பரின் பேரன் அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போவான் என்பது அலுவலரின் பயம். பெயரைச் சொன்னால் எல்லையைக் கேட்பார்கள், எல்லையைக் காட்டினால் கல் நாட்டிவிடுவார்கள் என்பது குடும்பத்தின் பயம். இரு தரப்பும் வாய் திறக்காமல் இருக்க, பெயர் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பயங்களுக்கு வரலாறு இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று ஊகித்துக்கொண்டது. அந்த ஊகத்தின்மேல் 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும், 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயச் சட்டமும் வந்தன. அளக்க வந்தவர்கள் ஊரார் சொன்ன பெயரை விட்டுவிட்டு ‘முடிக்குரிய காடு’ என்று எழுதிப் போனது அந்தச் சட்டங்களின் தர்க்கப்படி சரி. பிறகு 2001இன் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை எஞ்சிய காடுகளை வன இலாகாவிடம் ஒப்படைத்தது. 2020 நவம்பரில் அது நீக்கப்பட்டு, பொறுப்பு மாவட்ட, பிரதேச செயலகங்களின் பக்கம் திரும்பியது. பொறுப்புக் கைமாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கோப்புத் திறக்கிறது. பழைய கோப்போடு பழைய பெயரும் அலுமாரிக்குள் போய்விடுகிறது.

ஆனால் பெயர் ஒரு காணியை அடையாளம் காட்டுமே தவிர, அது யாருக்கு உரியது என்று தீர்க்காது. உரிமைக்கு உறுதி (காணிப் பத்திரம்) வேண்டும், அல்லது அரச அளிப்பு, காணி நிர்ணயச் சட்டத்தின் கீழான கட்டளை, சட்டப்படியான அனுபோகம் என்று ஏதாவது வேண்டும். வழக்கு வந்தால், பேசப்படும் காணி எது என்று கண்டுகொள்ளப் பெயர் உதவலாம். அந்த உதவி அரச தரப்புக்கும் உண்டு. எனவே ஒவ்வொரு பெயர்த் தாளின் தலையிலும் மூன்று மொழிகளிலும் இப்படி அச்சிடச் சொல்கிறோம்: “இத்தாள் பெயரை மட்டும் பதிகிறது. உடைமை, எல்லை, பரப்பு எதற்கும் இது சான்றாகாது. எவருடைய உரிமைக் கோரிக்கையையும் இது கூட்டவோ குறைக்கவோ மாட்டாது.” கீழே ஒப்பமிடுபவரைச் ‘சொன்னவர்’ என்று குறிக்க வேண்டும். ‘விண்ணப்பதாரர்’ என்ற சொல் தாளில் எங்கேயும் வரக்கூடாது. அந்த ஒரு சொல்லே போதும், மறுநாள் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் வரிசை நிற்கும். பெயர் கேட்கப் போகிறவர் சீருடையில் போகவும் கூடாது.

ஏட்டின் அமைப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய நில அளவை நிறுவனமான ஓட்னன்ஸ் சேர்வே, வரைபடத்தில் ஏறும் பெயர்களுக்கெல்லாம் பெயர்ப் புத்தகம் வைத்திருந்தது. வரைபடத்தில் எழுதப்போகும் வடிவம், வழங்கும் வேறு எழுத்துக்கூட்டல்கள், எந்த எழுத்துக்கூட்டலை யார் சொன்னார், இடம் எங்கே, விவரக் குறிப்பு என்று பத்திகள். ஒரே காட்டுக்கு நிலக்காரர் ஒரு வடிவமும் பாதிரியார் இன்னொரு வடிவமும் சொல்லியிருந்தால் இரண்டும் அதில் இருக்கும். இங்கிலாந்தின் ஏடுகளில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் சவுத்தாம்ப்டனில் விழுந்த குண்டுகளில் எரிந்து போனது. ஆகவே நம்முடைய ஏட்டுக்கு மூன்று பிரதி வேண்டும்: ஒன்று கச்சேரியில், ஒன்று பிரதேச செயலகத்தில், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே.

அந்தப் பத்திகளோடு நாங்கள் இன்னும் மூன்றைச் சேர்ப்போம்: ஒலிப்பதிவு இலக்கம், ஒரேயொரு புள்ளியின் அமைவிடம், காட்டின் வகை. ஒரு பெயரை ஏற்றக் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அந்தக் குடும்பத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். குடும்பத்தார் மட்டும் சொல்லும் பெயர் உண்மையாகவும் இருக்கலாம், போன வருடம் வைத்ததாகவும் இருக்கலாம். மாட்டுப்பட்டிக்காரர், விறகுக்குப் போகும் பெண்கள், வயல் வாய்க்கால் பார்க்கும் வட்டவிதானை ஆகியோருக்குக் காணியில் பங்கு இல்லை, பெயரில் பழக்கம் உண்டு. அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

எழுத்துச் சான்று எங்கே கிடைக்கும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். காட்டின் உறுதியைத் தேடிப் போவார்கள்; பெரும்பாலும் அது இருக்காது. தேட வேண்டியது பக்கத்து வயலின் உறுதி. அதன் அட்டவணையில் நான்கு எல்லையும் எழுதியிருக்கும்: வடக்கில் வாய்க்கால், கிழக்கில் இன்னார் காடு, தெற்கில் ஒழுங்கை என்று. காட்டின் பெயர் உயிரோடு இருப்பது அந்தக் கிழக்கு எல்லையில். காணிப் பதிவகத்தில் அந்த வயலின் பதிவுப் பக்கத்தை எடுத்து, அதிலிருந்து முந்திய பக்கங்களுக்குத் தொடர்பு பிடித்துப் பின்னோக்கிப் போனால், பெயர் முதலில் எந்த உறுதியில் வருகிறது என்று பார்த்துவிடலாம். ஆனால் உறுதியின் ஆண்டைப் பெயரின் ஆண்டாக எடுக்கக்கூடாது. உறுதி எழுதும் நொத்தாரிசுமார் பழைய உறுதியின் எல்லைகளை அப்படியே பெயர்த்தெழுதுவது வழக்கம்; 1990இல் எழுதிய உறுதியில் 1930இன் எல்லைக்காரர்கள் இன்னும் சாகாமல் இருப்பார்கள். பின்வந்த உறுதிகளில் எல்லைப் பெயர்களில் ஒன்றாவது மாறியிருந்தால், அந்த மாற்றம் முதலில் வரும் உறுதியைத்தான் அந்தக் காலத்துச் சாட்சியாக எடுக்கலாம்.

இந்த வழி இன்னும் அதிக காலம் திறந்திராது. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் நடக்கும் ‘பிம் சவிய’ என்ற அரச உரித்துப் பதிவுத் திட்டத்தில், காணி ஒன்று காணித்துண்டு வரைபட இலக்கத்தாலும் துண்டு இலக்கத்தாலும் அடையாளம் பெறுகிறது. உரித்துக்கு அது நல்லது. எல்லைச் சண்டை குறையும். ஆனால் ‘கிழக்கில் கந்தப்பர் காடு’ என்ற வரி அங்கே ‘துண்டு 47’ ஆகிவிடும். அளவையாளர் களத்துக்குப் போகும் அதே நாளில் பெயர்த் தாளும் நிரப்பப்படாவிட்டால், பிறகு யாரும் அதற்காகத் தனியே போகப் போவதில்லை.

அடுத்த சிக்கல், ஆட்பெயர் என்றால் என்ன என்பது. ஆங்கிலப் படிவத்தைப் பார்த்துக் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் போட்டால் அது நம்மிடம் வெறுமையாகவே இருக்கும். தமிழருக்குத் தலைமுறை தாண்டிப் போகும் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஒரு தலைமுறையோடு முடிகிறது. காட்டில் நிற்பது ஒரு மூத்தாளின் சொந்தப் பெயராக இருக்கலாம், அல்லது பட்டம், பதவி, குடிவழி, தொழில். விதானையார் காடு என்பது ஒரு குடும்பத்தைச் சுட்டுகிறதா, பதவியைச் சுட்டுகிறதா? விதானை எனப்பட்ட கிராமத் தலைமைக்காரர் முறை 1963இல் கிராம சேவையாளர் முறையாக மாறியது. அதற்கு முன் அடுத்தடுத்து வந்த விதானைமார் வேறு வேறு வீட்டுக்காரராக இருந்திருந்தால், பெயர் எவருக்கும் சொந்தமில்லை. சில காடுகளின் பெயர் மரம் வெட்டக் கொந்தராத்து (ஒப்பந்தம்) எடுத்தவரின் பெயர். அவருக்கு நிலத்தில் ஓரடிகூட இருந்திராது. சாவண்டலைக்கு ஆங்கில மர வணிகத்தில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். இங்கிருந்து மதராசுக்குப் போய் மசூலா என்ற கரையோர ஓடங்களுக்குப் பலகையான மரம் அது. அந்த வணிகம் நடந்த காடுகளில் கொந்தராத்துக்காரர் பெயர் ஒட்டிக்கொண்டால் வியப்பில்லை. ஆகவே கட்டம் இப்படி இருக்கட்டும்: ‘பெயரில் உள்ள ஆள் யார் என்று சொல்லப்படுகிறது?’ பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம்.

சீதனத்தையும் மறக்க வேண்டாம். கிழக்கில் காணி பெண்பிள்ளை வழியாகப் போவது சாதாரணம். மூன்று சீதனம் கைமாறிய பின் கந்தப்பர் காட்டுக்குக் காவல் இருப்பவர் கந்தப்பரின் பேத்தியின் மகளை முடித்த வீட்டுக்காரராக இருப்பார். கந்தப்பர் என்ற பெயர் அவருடைய அடையாள அட்டையில் எந்த மூலையிலும் இராது. ‘இப்போதைய குடும்பத்தின் பெயரோடு பொருந்தவில்லை’ என்று ஒரு பெயரைத் தள்ளிவிட்டால், ஏறக்குறைய எல்லாப் பெயரையும் தள்ள வேண்டி வரும்.

எழுத்துக்கூட்டலில் நடக்கும் சேதம்தான் மிகப் பெரியது. அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ். ஆனாலும் பெயர் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து தமிழுக்குத் திரும்பி வருகிறது. ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்று. ந, ன, ண மூன்றும் ஒன்று. முருக பக்தரான ஒரு வேலரின் காடு ஆங்கிலம் போய் வந்தால் வேளார் காடு ஆகும், யாரோ குயவர் குடிக்குக் காடு எழுதிக் கொடுத்ததுபோல. கந்தர் காடு கண்டர் காடாகி, இன்னொரு புத்திசாலி அதைக் கண்டல்காடு என்று ‘திருத்திவிட’ இடமுண்டு. கண்டல்காடு என்பது மரத்தால் வந்த பெயர். கிண்ணியாப் பக்கம் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. சிங்களத்தில் ண, ன வேறுபாடும் ல, ள வேறுபாடும் இருப்பதால் தமிழிலிருந்து நேராகச் சிங்களத்துக்குப் போனால் சேதம் குறைவு. வரிசை இதுதான்: முதலில் ஒலிப்பதிவு, அடுத்துத் தமிழ் எழுத்து, அதிலிருந்து சிங்களம், கடைசியாக ஆங்கிலம். சிங்கள ஊரின் பெயருக்கு இதே வரிசையைச் சிங்களத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரின் இரண்டாம் பாதியை மொழிபெயர்க்கவே கூடாது. உப்புவெளியில் அலஸ்தோட்டம் இருக்கிறது. இன்று அது குடியிருப்பும் விடுதிகளும். தோட்டம் போனாலும் பெயரில் ஆளும் நிற்கிறார், தோட்டமும் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தத் ‘தோட்டத்தை’ மட்டும் மொழிபெயர்த்து வழங்குகிறார்கள். நாளை ஒருவர் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து ‘அலஸ் பூங்கா’ என்று பலகை எழுதமாட்டார் என்பதற்கு உத்தரவாதமில்லை. காடு, பற்றை, தோப்பு, வளவு, திடல், சேனை ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. வளவு என்றால் ஒரு காலத்தில் வீடு இருந்திருக்கிறது. திடல் என்றால் சுற்றிலும் தாழ்ந்த வயல். சேனை என்றால் வெட்டி எரித்துப் பயிரிட்டு ஆறவிட்ட நிலம். இந்த ஒரு சொல்லே காட்டின் கதையில் பாதியைச் சொல்லிவிடும்.

மீதிப் பாதியைக் களத்தில் பார்க்கலாம். செய்மதிப் படத்துக்கு எல்லாம் ஒரே பச்சை. உலர்வலயத்தில் கைவிட்ட தோட்டம் முதல் சில வருடம் நாயுண்ணியும் சூரையும் காரையுமாகக் கிடக்கும். 20, 25 வருடத்தில் மேலே கூரை மூடிவிடும். 1980களில் இடம்பெயர்ந்து 2009க்குப் பின் திரும்பியவரின் வளவு, திரும்பும்போது ‘காடு’. உள்ளே போய்ப் பாருங்கள். கிளுவை ஒரே நேர்கோட்டில் நின்றால் அது பழைய வேலி; கிளுவை தானாக வரிசை கட்டாது. பனை வரிசை, பெருத்த புளி, மா, இடிந்த கிணற்றுக்கட்டு, ஓட்டுத்துண்டு இருந்தால் அது வளவு. பாலையும் வீரையும் முதிரையும் பல பருமனில் கலந்து நின்று, வேலி அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் அது இயற்கைக் காடு. பெயர் அதற்கு வெட்டியவராலோ, பட்டி கட்டியவராலோ வந்திருக்கும். அடிமரம் ஏறக்குறைய ஒரே பருமனாகவும் பல அடிக்கிளைகளோடும் நின்றால் ஆறவிட்ட சேனை என்று சந்தேகிக்கலாம். முடிவாகச் சொல்ல 1956இல் எடுத்த வான்படங்கள் நில அளவைத் திணைக்களத்தில் இருக்கின்றன. அந்தப் படத்தில் கூரையும் ஒழுங்கையும் தெரிந்தால் பிறகு விவாதத்துக்கு இடமில்லை. இடம்பெயர்ந்தோரின் காலக்கணக்கை (எத்தனை காலம் அனுபவித்தால் உரிமை வரும் என்ற கணக்கை) பொறுத்தவரை, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தவர்களுக்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது பெயர்த் தாளின் வேலை அல்ல, ஆனால் தாள் நிரப்பப் போகிறவருக்கு அது தெரிந்திருந்தால் வீட்டுக்காரரோடு பேச்சு இலகுவாகும்.

அமைவிடத்துக்கு ஒரேயொரு புள்ளி போதும் என்றோம். சுற்றிவர நடந்து எல்லைக்கோடு எடுத்தால் தாள் உடனே உரிமைத் தாளாகிவிடும்; அந்த ஆசை வேண்டாம். கூரையின் கீழே கைபேசி 10 மீற்றரோ அதற்கு மேலோ பிழைக்கும். ஓரத்து வெளியில் நின்று எடுத்து, காடு எந்தத் திசையில், எத்தனை எட்டில் என்று எழுதுங்கள். கைபேசி தருவது உலகப் பொதுமுறை அகலாங்கு நெட்டாங்கு. அதை மாற்றாமல், கண்டவல என்ற உள்நாட்டு அளவை ஆதாரத்தில் வரைந்த தாளில் வைத்தால் நூறு மீற்றருக்கு மேல் தள்ளி விழும். ஒரு சிறு தோப்பு என்றால் புள்ளி பக்கத்து வயலுக்குள் நிற்கும். தாளில் உள்ள கட்ட எண்ணைப் பார்த்தும் குழப்பம் வரும்: திருகோணமலை நகரம் பழைய மீற்றர்க் கட்டத்தில் ஏறக்குறைய கிழக்கு 250,000, வடக்கு 373,000, 1999ஆம் ஆண்டுக் கட்டத்தில் 550,000, 673,000. எந்தக் கட்டம் என்பதைத் தாளில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

பரப்பில் கீழெல்லை வைக்க வேண்டாம். உலக உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கில் காடு என்றால் அரை ஹெக்டயருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 1 ஏக்கர் 38 பேர்ச். இங்கிலாந்தில் 1980களில் பழங்காட்டுப் பட்டியல் போட்டபோது 2 ஹெக்டயருக்குக் கீழ்ப்பட்டவற்றை விட்டுவிட்டார்கள். இப்போது கால் ஹெக்டயர் வரை இறங்கி மறுபடியும் தேடுகிறார்கள். நம்முடைய ஆட்பெயர்க் காடுகளில் வயல் நடுத் திடல்கள் அதற்கும் சிறியவை. 1:50,000 தாளில் கால் ஏக்கர் என்பது அரை மில்லிமீற்றரை ஒட்டிய ஒரு புள்ளி, பெயர் எழுத இடமில்லை. 1:10,000 தாளில் மூன்று மில்லிமீற்றர் வரும். ஆகவே பெயர்கள் ஏற வேண்டியது அந்தத் தாளில்.

ஒரு காட்டுக்குத் தமிழ் ஊர் ஒரு பெயரும், முஸ்லிம் ஊர் ஒரு பெயரும், சிங்கள ஊர் ஒரு பெயரும் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள். எது ‘சரியான’ பெயர் என்று கச்சேரி தீர்க்க வேண்டிய அவசியமில்லை. மூதூர், வெருகல் கரையோர வேடர்களிடம் எந்த உடையாருக்கும் முந்திய பெயர்கள் இருக்கலாம். அவர்களிடமும் தனியாகக் கேட்க வேண்டும். சாதியை இழிவாகச் சுட்டும் பெயர் வந்தால் ஏட்டில் பதியலாம், பலகையிலும் வரைபடத்திலும் ஏற்றக்கூடாது. பழைய கிணறு, கற்தூண், சிறு கோயில் உள்ள இடத்தின் புள்ளியைப் பொதுவில் வெளியிட வேண்டாம். புதையல் தோண்டுபவர்களுக்கு அது இலவச வழிகாட்டி.

‘ஆட்பெயர் வைப்பதை ஐக்கிய நாடுகள் சபையே ஊக்குவிப்பதில்லையே’ என்று ஓர் அலுவலர் சொல்லக்கூடும். 2002இல் பேர்லினில் நடந்த இடப்பெயர் மாநாட்டின் தீர்மானம், உயிரோடிருப்பவரின் பெயரை இடத்துக்குச் சூட்டுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. அது புதிதாகச் சூட்டும் பெயருக்கு. ஊர் வாயில் தலைமுறைகளாக இருக்கும் பெயரை எழுதிவைப்பதற்கு அது தடையல்ல. அதே தீர்மானத்தைக் காட்டி, பெயரேட்டைச் சாட்டாக வைத்துத் தங்கள் தகப்பனாரின் பெயரைப் புகுத்த வருபவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியும்.

வேலை தொடங்க நல்ல காலம் பெரும்போக அறுவடை ஓய்ந்த பங்குனி நடுப்பகுதி. மாரியில் உள்ளே போக முடியாது, அறுவடை நேரத்தில் வட்டவிதானை கையில் சிக்கமாட்டார், ஆடி ஆவணியில் கச்சான் காற்றிலும் வெயிலிலும் முதியவர்களைக் காட்டோரம் கூட்டிப் போவது பாவம். வெருகல், கிண்ணியா, கோமரங்கடவல ஆகிய மூன்று பிரிவுகளிலும் ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவை எடுத்துப் பரீட்சித்துப் பாருங்கள். மூன்று சமூகத்தின் பெயரிடும் முறையும் அதில் வந்துவிடும். ஒரு பிரிவுக்கு மூன்று பேர், நான்கு நாள்: ஒரு நாள் காணிப் பதிவகத்தில், இரண்டு நாள் ஊரில், ஒரு நாள் தாள் எழுத. ஊரை விட்டுப் போனவர்களிடம் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்ய மாலை நேரம் ஒதுக்குங்கள். பெயர் தெரிந்தவர்கள் பலர் இப்போது வேறு மாவட்டங்களிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். நிரப்பிய பட்டியலைக் கிராம அலுவலரின் அலுவலகத்திலும் கோயில், பள்ளிவாசல், விகாரை வாசல்களிலும் 30 நாள் ஒட்டி, திருத்தங்களை எழுத்தில் வாங்குங்கள். திருத்தம் சொன்னவரின் வடிவத்தைப் பக்கத்தில் சேர்த்தெழுதுங்கள், முதலில் எழுதியதை அழிக்காமல்.

மாதிரித் தாள் ஒன்றைக் கையால் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறோம். இரண்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தை வேண்டுமென்றே பெரிதாக விட்டிருக்கிறோம். சொல்பவர்கள் அங்கேதான் அதிகம் சொல்வார்கள்.

இப்படிக்கு,
காணி எழுத்து, அளவை, மரம் ஆகிய வேலைகளில் உள்ள திருகோணமலை மாவட்டத்தவர் சிலர்